அது பெனால்டி இல்லை

வேலை போன கால்பந்து கோச்சைக் கண்டால் எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை போனதற்காக அல்ல. வேலை போன மறுவாரமே டை கட்டிக்கொண்டு எங்கள் வானொலி நிலையத்துக்கு வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் மைக்கை இழுத்துத் தன் வாயருகே வைத்துக்கொள்வான் பாருங்கள், அது ஆகாது. எங்கள் கடலோர ஊரான ராஸ் சாலெமில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களை நேரலையில் வர்ணிக்கிறவன் நான். ஃப்ராஜ் என்ற பெயர் நடுக்கடலில் வலை இழுக்கிறவனுக்கும் தெரியும். மழையில் நனைந்து, தொண்டை கட்டி, கோல் விழுந்த நேரத்தில் கரண்ட் போய், அப்படியெல்லாம் பட்டுக் கற்ற தொழில் இது. இவர்களுக்கு மட்டும் ஒரே வாரத்தில் வந்துவிடுமாம்.

வந்து என்னதான் பேசுவார்கள்? "இந்த டீமுக்கு நல்ல எதிர்காலம் இருக்கு, ஆனா ஒண்ணு ரெண்டு விஷயத்தை மாத்தணும்" என்பார்கள். மாற்ற வேண்டிய விஷயம் இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற கோச்தான் என்பது கேட்கிற எல்லோருக்கும் புரியும். வாரத்துக்கு வாரம் சுருதி ஏறும். ஒருநாள் அந்த கோச்சைத் துரத்துவார்கள். ஸ்டூடியோவில் இருந்தவன் எழுந்து அந்த இடத்துக்குப் போவான், துரத்தப்பட்டவன் ஸ்டூடியோவுக்கு வருவான். நாற்காலியின் சூடுகூட ஆறியிருக்காது. தலைநகர் துனிஸின் தொலைக்காட்சியிலும் இதே கூத்துதான், அங்கே பவுடர் போட்டுக்கொண்டு செய்வார்கள். எங்கள் நிலையத்தில் இதற்கு நாற்காலிக் காய்ச்சல் என்று பெயர் வைத்திருந்தோம்.

ஷெத்லி பூஸித் வந்தபோதும் இன்னொரு காய்ச்சல்காரன் என்றுதான் நினைத்தேன்.

ஷெத்லியைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. அப்பா துறைமுகத்தில் ஐஸ்கட்டி உடைத்தவர். மகன் ஊர் அணியான ஹிலாலுக்கு நடுத்தடுப்பில் ஆடினார். நெற்றியில் இரண்டு தையல் வடு, மூக்கு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். ஆட்டம் விட்டபின் கோச் ஆனார். ஹிலால் அவரை எடுத்தது, துரத்தியது. லிபியாவுக்குப் போனார், அங்கேயும் துரத்தினார்கள். ஓமானில் ஒரு வருடம். மறுபடி ஹிலால், மறுபடி துரத்தல். இத்தனைக்கும் தோற்றதனால் வேலை போனது ஒன்றிரண்டு தடவைதான். மற்றதெல்லாம் வாயால் போனது.

அவருக்குப் பொய் வராது. அது நல்ல குணம் என்று சொல்வது சுலபம், பக்கத்தில் இருந்து அனுபவித்தவர்களைக் கேளுங்கள். ஓமானில் கிளப் முதலாளி தன் மச்சான் மகன் ஆட்டத்தைக் காட்டி, "எப்படி இருக்கான் கோச்?" என்று கேட்டிருக்கிறார். "ஓட்டம் நல்லா இருக்கு, பந்து மட்டும் இல்லாம ஓடச் சொல்லுங்க" என்றாராம் இவர். அடுத்த விமானத்தில் ஊர் திரும்பினார்.

ஹிலாலில் கடைசியாக அவர் வேலை போனதை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆட்டம் முடிய இரண்டே நிமிடம். எங்கள் ஆள் ஒருத்தன் கோல் பெட்டிக்குள் விழுந்தான், ரெஃப்ரி பெனால்டி கொடுத்தார், ஜெயித்துவிட்டோம். ஊரே கூத்தாடுகிறது. மைக்கைக் கொண்டுபோய் அவர் வாயருகே நீட்டினேன். "கோச், எப்படி ஒரு வெற்றி!" என்றேன். நேரலை.

"அது பெனால்டி இல்ல," என்றார் ஷெத்லி. "அவன் தானா விழுந்தான். நாங்க ஜெயிச்சிருக்கக் கூடாது."

மைக்கைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தேன், அதற்குள் ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது. ஹிலால் கிளப்பின் தலைவர் ஹாஜ் மப்ரூக், மீன் ஐஸ் கிடங்குக்குச் சொந்தக்காரர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "உனக்கு சோறு போடுறது ரெஃப்ரியா, நானா?" என்று கத்தினார். அந்த வாரமே கணக்கு முடிந்தது.

ஆனால் கேட்டவர்களுக்கு அது பிடித்துப்போனது. நிலையத்துக்குப் போன் மேல் போன். "இந்த மாதிரி ஒருத்தரை உக்கார வைங்கய்யா, மத்தவனுங்கல்லாம் எண்ணெய் தடவிப் பேசுறானுங்க" என்று. எங்கள் இயக்குநருக்குக் காது கூர்மை. அப்படித்தான் ஷெத்லி என் பக்கத்து நாற்காலிக்கு வந்து சேர்ந்தார்.

ஆரம்பத்தில் என் பிராணனை வாங்கினார். மைக் முன்னால் இருப்பதையே மறந்துவிடுவார். எழுந்து நின்று, "டேய், முதுகுக்குப் பின்னால ஆளு இருக்கான்டா, திரும்பிப் பாரு!" என்று ஆட்டக்காரனைப் பார்த்துக் கத்துவார். கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? யாரோ குடித்துவிட்டு உள்ளே புகுந்துவிட்டான் என்று நிலையத்துக்குப் புகார் வந்தது. இதைவிட மோசம் அவர் கால். ஆபத்தான பந்து வரும்போதெல்லாம் மேசைக்கு அடியில் அவர் கால் தானாக உதைக்கும், என் முழங்காலுக்குக் கீழே எலும்பில் விழும். கார்னர் என்றால் ஓர் உதை, ஃப்ரீ கிக் என்றால் இன்னோர் உதை. ஞாயிறு இரவு என் மனைவி ஆலிவ் எண்ணெய் சூடாக்கித் தடவுவாள்.

"உதைக்காதீங்க சி ஷெத்லி, நான் எந்த டீமுக்கும் ஆடல!" என்பேன். சி என்றால் எங்கள் ஊரில் ஐயா என்கிற மரியாதை.

"நானா உதைக்கிறேன்? கால் உதைக்குது."

போகப் போக மனிதர் தொழிலைப் பிடித்துக்கொண்டார். நடக்கப்போவதை முன்னால் சொல்வார். "இந்தப் பையன் வலது காலை ஊன பயப்படுறான், இன்னும் கொஞ்ச நேரத்துல பந்தை விட்டுடுவான்" என்பார், விட்டுவிடுவான். யாரையும் ஏசமாட்டார். இப்போதைய கோச்சைப் பற்றிக் கேட்டால், "அவர் செய்றது சரிதான், ஆளுங்களுக்கு ஓட முடியல" என்பார். நாற்காலிக் காய்ச்சல் துளியும் கிடையாது. முதலில் நடிப்பு என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மனிதர் மைக்கின் மேலேயே ஆசை வைத்துவிட்டார்.

ரொட்டிக் கடை வரிசையில் நிற்கும்போது ஆட்கள் வந்து, "சி ஷெத்லி, நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு பாத்தீங்களா!" என்பார்கள். மனிதர் முகம் சிவந்துபோகும். ஒருநாள் காபிக் கடையில் என்னிடம் சொன்னார். "ஃப்ராஜ், முப்பது வருஷமா நெசத்தைச் சொல்லிச் சொல்லி அடி வாங்கினேன். இப்பதான்யா நான் சொல்றதை ஜனங்க நம்புறாங்க. எனக்கு இது போதும், வேற ஒண்ணும் வேணாம்." இதைச் சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. நான் கரண்டியால் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன், வேறென்ன செய்ய.

இனி வந்த வினையைச் சொல்கிறேன்.

கைப்பேசி வராத காலம் அது. எங்கள் மைதானத்துக்கு வருகிறவன் ஒரு கையில் சூரியகாந்தி விதைப் பொட்டலமும் மறு கையில் டிரான்சிஸ்டருமாகத்தான் வருவான். மற்ற ஊர் ஆட்டங்களின் நிலவரம் கேட்க என்று பேர். ஆனால் கண்ணெதிரில் நடக்கிற ஆட்டத்துக்கும் அதைத்தான் காதில் வைத்திருப்பான். நான் கோல் என்று சொன்னால்தான் அவனுக்குக் கோல். நான் பேசுவது நூற்றுக்கணக்கான டிரான்சிஸ்டர் வழியாக எனக்கே திரும்பிக் கேட்கும். எங்கள் வர்ணனைக் கூண்டு எங்கே இருந்தது தெரியுமா? எதிரணியின் பெஞ்சுக்கு நேர் மேலே, தகரக் கூரைக்கு அடியில். இத்தனை வருடமாக அப்படித்தான், ஒருத்தருக்கும் இதில் ஒன்றும் தோன்றியதில்லை. தோன்றுவானேன்? என் பேச்சைக் கேட்டு எந்த கோச் ஆட்டத்தை மாற்றப்போகிறான்? நான் கத்துகிறவன். விவரம் தெரிந்த ஆள் அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்தது ஷெத்லியோடுதான் தொடங்கியது.

வசந்தத்தில் வடக்கிலிருந்து ஓர் அணி வந்திருந்தது. ஹிலால் ஒரு கோல் முன்னால். ஷெத்லி மைக்கில் சொன்னார்: "நம்ம நாலாம் நம்பர் ஏற்கெனவே மஞ்சள் அட்டை வாங்கிட்டான், இனி மோத பயப்படுவான். அவன் பக்கமா பந்தைப் போட்டா நமக்குக் கஷ்டம்." சொல்லி வாய் மூடவில்லை, கீழே வடக்கத்தி பெஞ்சில் ஒரே சலசலப்பு. வேகமாக ஓடுகிற ஆளை நாலாம் நம்பர் பக்கம் மாற்றினார்கள். ஒரு கோல். அடுத்தும் அதே வழியில் இன்னொரு கோல். கூட்டத்தில் ஒருத்தன் எட்டிப் பார்த்திருக்கிறான். எதிரணியின் சட்டை மூட்டை தூக்குகிற ஆள், துண்டுக்குள் டிரான்சிஸ்டரை ஒளித்துக் காதில் வைத்துக்கொண்டு, தன் கோச்சுக்கு ஒவ்வொன்றாக ஒப்பித்துக்கொண்டிருந்தானாம்.

அவ்வளவுதான். கூட்டம் எதிரணியை விட்டுவிட்டு எங்கள் கூண்டைப் பார்த்துத் திரும்பியது. "ஒற்றன்! துரோகி!" விதைப் பொட்டலங்கள் பறந்தன. ஒரு செருப்பு வந்து என் காதோரம் விழுந்தது. குறி ஷெத்லி, பட்டது எனக்கு. அதற்குப் பிறகு ரொட்டிக் கடை வரிசையில் ஒருத்தரும் அவருக்கு முகம் கொடுக்கவில்லை.

"நான் ரேடியோ கேக்குறவங்களுக்குத்தானே சொன்னேன்," என்றார் பரிதாபமாக.

"அவனும் ரேடியோ கேக்குறவன்தானே," என்றேன்.

அந்தத் தோல்வியோடு ஹிலால் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், பிர் மஸூத் அணியோடு. அதில் தோற்றால் நாங்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். சமன் ஆனால் நாங்கள் தப்பிப்போம், பிர் மஸூத் இறங்கும். அந்த அணிக்கு கோச் யார் என்றால் நூமான். ஷெத்லியிடம் நாலு வருடம் உதவி கோச்சாக இருந்தவன், அவர் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன் என்றே சொல்லலாம். இப்போதும் அவரை கோச் என்றுதான் கூப்பிடுவான்.

அந்த வெள்ளிக்கிழமை ஷெத்லி வீட்டில் எனக்கு மீன் குஸ்குஸ் விருந்து. கையில் கரண்டி எடுத்த நேரத்துக்கு ஹாஜ் மப்ரூக் வந்து நின்றார். துரத்திவிட்ட ஆளின் வீட்டு வாசலை மிதிக்கிறாரே என்று பார்த்தேன். உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"சி ஷெத்லி, பழசை விடுங்க. ஞாயித்துக்கிழமை நூமானும் ரேடியோவைக் காதுல வெச்சுட்டுத்தான் உக்காருவான். நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும். நம்ம இடதுபக்கம் ஓட்டைன்னா வலதுபக்கம்னு சொல்லுங்க. வலதுபக்கம்னா இடது. அவன் செவுத்துல போய் முட்டட்டும். அடுத்த சீசன்ல ஹிலாலுக்கு நீங்கதான் கோச். என் நாக்குல வந்த வார்த்தை."

"பொய் சொல்லச் சொல்றீங்க."

"ஊருக்காகய்யா!"

"நான் என்ன பாக்குறேனோ அதைச் சொல்வேன், ஹாஜி. அதுக்குத்தான் உக்கார வெச்சிருக்காங்க."

ஷெத்லியின் மனைவி ராத்யா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இவராவது பொய் சொல்றதாவது! கல்யாணத்தன்னிக்கு எங்கம்மாகிட்டயே, அத்தே, கறியில உப்பு ஜாஸ்தின்னு சொன்ன மனுஷன். போங்க ஹாஜி, வேற ஆளைப் பாருங்க."

ஹாஜ் மப்ரூக் ஷெத்லியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்ன புரிந்துகொண்டாரோ, கண்ணடித்துவிட்டு எழுந்தார். "சரி சரி. ஃப்ராஜ் முன்னாடி பேச வேணாம்னு பாக்குறீங்க. புரிஞ்சுது, புரிஞ்சுது." நேரே காபிக் கடைக்குப் போய், "கவலைப்படாதீங்க, ஷெத்லிகிட்ட பேசியாச்சு, ஞாயித்துக்கிழமை ரேடியோவுல தலைகீழா வரும்" என்று ரகசியமாக நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் நாலு பேரிடம் ரகசியம் சொல்வதும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். மீன் லாரியோடு சேர்ந்து விஷயம் பிர் மஸூத் போய்விட்டது.

ஞாயிறு வந்தது. மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. கீழே நூமான், நல்ல சாம்பல்நிறக் கோட்டில், மேலே பார்த்து மார்பில் கைவைத்து ஷெத்லிக்கு சலாம் சொன்னான். அவன் பக்கத்தில் சட்டை மூட்டைக்காரன். துண்டுக்குள் ஒளிக்கவெல்லாம் இல்லை, டிரான்சிஸ்டரைப் பகிரங்கமாக மடியில் வைத்திருந்தான்.

முதல் பாதி கோல் இல்லாமல் போனது. இரண்டாம் பாதியின் நடுவில்தான் அது நடந்தது. எங்கள் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரன் ஸுஹேர் ஒருத்தனோடு மோதி விழுந்தான். எழுந்தான். ஆட்களை மாற்றும் வாய்ப்பு மூன்றையும் ஹிலால் ஏற்கெனவே பயன்படுத்திவிட்டது. அவன் வெளியே போனால் பத்துப் பேர்தான். ஆகவே பையன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். நடக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது ஒரு கணம் வலது முழங்கால் உள்ளே மடங்கியது. நான் பார்த்தேன். மேசைக்கு அடியில் என் காலில் விழுந்த உதையிலிருந்து, ஷெத்லியும் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது.

மைக்கை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். வானிலை, காற்று, கடல், ரெஃப்ரியின் சொந்த ஊர், எதையாவது பேசினேன். மைக்கை விடாமல் பேசினேன். ஷெத்லி பொறுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக என் கையைப் பிடித்து எடுத்துவிட்டு, மைக்கைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"ஸுஹேருக்கு முட்டி போயிடுச்சு," என்றார். "அவனால திரும்ப முடியாது. நம்ம இடதுபக்கம் இப்ப கதவில்லாத வீடு. ஹிலால் கோச் இதைக் கவனிச்சு ஒருத்தரைத் துணைக்கு அனுப்பணும். இல்லேன்னா நூமான் எல்லாப் பந்தையும் அந்தப் பக்கமே அனுப்புவான், நானா இருந்தா அனுப்புவேன்."

அவர் குரல் மைதானம் முழுக்க டிரான்சிஸ்டர்களில் எதிரொலித்தது. மனிதர் எங்களைக் கொன்றுவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் கூட்டத்தில் ஒருத்தனும் கல் எடுக்கவில்லை. ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் கண்ணடித்துச் சிரிக்கிறான். "ஆரம்பிச்சுட்டாருடா!" என்று கீழே ஒரு குரல்.

நூமான் அண்ணாந்து எங்கள் கூண்டைப் பார்த்தான். மூட்டைக்காரன் அவன் காதில் எதையோ சொன்னான். நூமான் சிரித்தான். ஷெத்லியைப் பார்த்து, 'என்கிட்டயேவா கோச்?' என்கிற மாதிரி விரலை ஆட்டினான். பிறகு கோட்டருகே ஓடிப்போய்த் தன் ஆட்களுக்குக் கை காட்டினான். அந்தப் பக்கம் வேண்டாம், இந்தப் பக்கம்! ஹிலாலின் வலது பக்கம்!

எங்கள் வலதுபக்கம் நின்றவன் ஐஸ் கிடங்கில் மீன் பெட்டி தூக்குகிறவன், பாறை மாதிரி ஆள். பிர் மஸூத் பந்துக்கு மேல் பந்தாக அவன் மேல் கொண்டுவந்து மோதினார்கள். ஸுஹேர் இடதுபக்கத்தில் ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றுகொண்டிருந்தான். அவன் பக்கம் ஒரு பந்துகூடப் போகவில்லை. எப்போதாவது தப்பித்தவறி ஒன்று அந்தத் திசையில் உருண்டால் ஷெத்லியின் கால் என் எலும்பைப் பதம் பார்க்கும். அன்று வாங்கிய உதைபோல் என்றைக்கும் வாங்கியதில்லை. அந்தக் கன்றிய காயத்தை வீட்டில் பார்த்த பிறகு, அவர் சூழ்ச்சி செய்தார் என்று யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன். பயத்தில் செத்துக்கொண்டிருந்த மனிதனின் உதை அது.

கோல் இல்லாமலே ஆட்டம் முடிந்தது. ஹிலால் தப்பித்தது.

ஏணியில் பாதி இறங்குவதற்குள் ஷெத்லியைத் தோளில் தூக்கிவிட்டார்கள். "நரி! நரி! ஷெத்லி நரி!"

"நான் நெசத்தைத்தான் சொன்னேன்!" என்று மேலேயிருந்து கத்தினார். "முட்டி நெசமாவே போயிடுச்சு! ஸுஹேரைக் கேளுங்கடா!"

ஸுஹேரைக் கேட்டார்கள். முட்டி பலூன் மாதிரி வீங்கியிருந்தது. இனி உண்மை புரிந்துவிடும் என்று நினைத்தேன். எங்கே! "அடேங்கப்பா! நெசத்தையே சொல்லி நூமானைப் பொய்னு நம்ப வெச்சுட்டாரே! இப்படி ஒரு மூளையா!" என்று முன்னைவிட அதிகமாகக் கொண்டாடினார்கள். ஸுஹேர் நொண்டிக்கொண்டே வந்து அவர் நெற்றியில் முத்தமிட்டான். "உங்க தந்திரத்துக்கு முன்னால என் முட்டி எம்மாத்திரம், சி ஷெத்லி!" பாவம், வலியிலும் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதோடு முடிந்தது அவருடைய வானொலி வாழ்க்கை. வேலையிலிருந்து யாரும் நீக்கவில்லை. கேட்கிறவர்கள் முன்னைவிட அதிகம்தான். ஆனால் அவர் ஆஃப்சைடு என்றால் காபிக் கடையில், "அப்ப ஆஃப்சைடு இல்லடா" என்பார்கள். இன்று ஹிலால் சோர்ந்திருக்கிறது என்றால் கைதட்டுவார்கள். ரொட்டிக் கடையில், "அடி கருகியிருக்கு" என்று அவர் சொன்னதற்கு வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது, ரொட்டி நிஜமாகவே கருகியிருந்தது. துனிஸ் தொலைக்காட்சியிலிருந்துகூட ஆள் வந்தான். வாராவாரம் நரி கோச் என்று ஒரு பகுதி, நல்ல சம்பளம், எப்படியெல்லாம் எதிராளியை ஏமாற்றுவது என்று சொல்லித் தர வேண்டும். ராத்யா அவனுக்குத் தேநீர்கூடக் கொடுக்கவில்லை.

"என்ன பண்ணட்டும் ஃப்ராஜ்?" என்றார் என்னிடம். "பொய் சொல்லி மாட்டியிருந்தா மன்னிப்புக் கேட்டுத் திருந்தலாம். நெசம் சொன்னதுக்கு எப்படிய்யா திருந்துறது?"

எனக்கு எரிச்சலாக வந்தது, ஊர் மேல்.

கோடையில் ஒரு பகல். நாங்கள் ஷெத்லி வீட்டு அத்திமர நிழலில் தர்பூசணி தின்றுகொண்டிருந்தபோது, பழைய கார் ஒன்று வந்து நின்றது. நூமான் இறங்கினான். பிர் மஸூத் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியதற்காக அவனைத் துரத்திவிட்டார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். தாடி வளர்ந்திருந்தது. சலாம் சொன்னான், உட்காரவில்லை.

"கோச், அந்த ஆட்டத்தோட வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தேன். ஸுஹேர் விழுந்த இடத்தையே பாத்துட்டிருக்கேன். ஒண்ணு கேக்கணும். என்னை ஏமாத்தணும்னு சொன்னீங்களா?"

"பாத்ததைச் சொன்னேன்."

நூமான் தலையை ஆட்டினான். "தெரியும். கார்ல வரும்போதே தெரியும். நாலு வருஷம் உங்க பக்கத்துல உக்காந்தவன் கோச் நான். ஒரு தடவைகூட, ஒரு பேச்சுக்குக்கூட, நீங்க பொய் சொல்லிக் கேட்டதில்ல. அன்னிக்கு ஊர் சொன்னதைக் காதுல வாங்கிட்டு, உங்களை விட்டுட்டேன். உங்களை நம்பியிருந்தா என் டீம் இன்னிக்கு முதல் பிரிவுலயே இருந்திருக்கும்." அதற்கு மேல் முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

ஷெத்லி எழுந்து போய் அவனைக் கட்டிக்கொண்டார். அவரும் அழுதார். ஊரில் ஒருத்தரும் நம்பாததை, அதனால் எல்லாவற்றையும் இழந்தவன் வந்து நம்புகிறான். அந்த நேரத்தில் அவருக்கு அவன்மேல் வந்த அன்பை என்னவென்று சொல்வது. "ராத்யா, இன்னொரு தட்டு கொண்டா," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கத்தினார்.

அன்று சாப்பாட்டின்போதே முடிவு சொல்லிவிட்டார். ஹாஜ் மப்ரூக் கொடுத்த வாக்கை நினைவுபடுத்தி ஹிலால் கோச் வேலையை வாங்கிக்கொள்வாராம். "நான் பொய் சொல்லலைன்னு ஹாஜிகிட்ட சொல்லிட்டுத்தான் வாங்குவேன். கோச்சை யாரும் நம்ப வேண்டியதில்ல. சொன்னா ஓடினாப் போதும். மைக்குல அப்படி இல்ல." பிறகு என்னைப் பார்த்தார். "உன் பக்கத்து நாற்காலியை இவனுக்குக் குடு."

"வேலை போன இன்னொரு கோச்சா?" என்றேன். "அல்லா மேல ஆணையா, எனக்கு இந்த ஜென்மத்துல விடிவே இல்லையா?"

இலையுதிர்காலத்தில் முதல் ஆட்டம். மேலே கூண்டில் நானும் நூமானும். இவனுக்கு உதைக்கிற வழக்கம் இல்லை, ஆனால் நகம் கடிப்பான், மைக்கில் கேட்கும். கீழே ஹிலால் பெஞ்சில் ஷெத்லி, மடியில் டிரான்சிஸ்டர். "பன்னிரண்டாம் நம்பருக்கு மூச்சு வாங்குது, மாத்துறது நல்லது" என்று நூமான் சொன்னால், அடுத்த நிமிடம் பன்னிரண்டாம் நம்பரை வெளியே கூப்பிடுவார் ஷெத்லி. ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

கடைசி நேரத்தில் எங்கள் ஆள் ஒருத்தன் கோல் பெட்டிக்குள் விழுந்தான். பெனால்டி. ஜெயித்தோம். மைக்கைத் தூக்கிக்கொண்டு நான் கீழே ஓடினேன், நூமான் மேலே இன்னொரு மைக்கோடு இருந்தான். கூட்டத்தின் நடுவே ஷெத்லியின் வாயருகே நீட்டினேன்.

"எப்படி இருந்தது கோச்?"

"அது பெனால்டி இல்ல," என்றார். "அவன் தானா விழுந்தான்."

ஒரே சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அன்று இதே சொல்லுக்காக அவரைத் துரத்திய ஹாஜ் மப்ரூக், கண்ணில் நீர் வரச் சிரித்து அவர் முதுகில் தட்டினார். "பாத்தீங்களா நரியை! அடுத்த ரெஃப்ரிக்கு இப்பவே வலை விரிக்கிறாரு!"

ஷெத்லியின் முகம் செத்துப்போயிருந்தது. அப்போது சுற்றிலும் இருந்த அத்தனை டிரான்சிஸ்டர்களிலும் நூமானின் குரல் வந்தது.

"நான் மேலேர்ந்து நல்லாப் பாத்தேன். யாரும் அவனைத் தொடல. கோச் சொன்னது நெசம். அது பெனால்டி இல்ல."

"ஒற்றன்!" என்று கத்தினார்கள். விதைப் பொட்டலங்கள் கூண்டை நோக்கிப் பறந்தன. நூமான் தலையைக் குனிந்துகொண்டு, அதையே இன்னொரு தடவை சொன்னான்.

ஷெத்லி டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்து அதைக் கேட்டு முடித்தார். பிறகு என் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஃப்ராஜ், எவன் எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் நூமானை அனுப்பிடாத. அந்த நாற்காலியிலேயே வெச்சுக்க."

விடமாட்டேன் என்றேன்.